பவர் கூட்டித் தாறேன்னு செட்ட வாங்குற ஆளுகிட்ட உஷார்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சொந்தமா செட் கட்டி 40 மீட்டர்ல (7 மெகாஹெர்ட்ஸ் பேண்டு) பேசுற ஹாம் ஆட்களுக்காக (லைசென்ஸ் எடுத்து பொழுதுபோக்கா ரேடியோல பேசுறவங்க) இத போடுறேன். ஆளு பேரு போடல, கடை எங்கன்னும் சொல்லல, செஞ்ச வேலைய சொல்றேன், அதுலயே வெளங்கிரும்.

என்னோடது அஷர் ஃபர்ஹானோட பிட்எக்ஸ் டிசைன பாத்து கட்டுன எஸ்எஸ்பி ரேடியோ செட் (எஸ்எஸ்பின்னா பேச்ச அனுப்புற ஒரு முறை). கடைசி ஸ்டேஜ்ல ஒத்த ஐஆர்எஃப்510 (பவர் குடுக்குற மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்), 12 வோல்ட்ல 6 வாட் கிட்ட வரும். காலைல கேரளாக்காரங்க நல்லா எடுப்பாங்க, சாயங்காலம் பெரிய ஸ்டேஷன் எல்லாம் ஏறிட்டா நம்ம சத்தம் கடல்ல கரைச்ச பெருங்காயம்தான். அப்பதான் ஒருத்தர் சொல்லி இந்த அண்ணன்கிட்ட போனேன். "நீங்க ஒண்ணும் கவலப்படாண்டாம், 50 வாட் ஆக்கித் தாறேன்"னாரு, 4,500 ரூபா பைசாவ முன்னாடியே வாங்கிட்டாரு.

திருப்பி வாங்கப் போனப்ப அவரு மீட்டர்ல மைக்ல விசிலடிச்சுக் காட்டுனாரு, முள்ளு 50ஐ தொட்டுச்சு. வீட்டுக்கு கொண்டுவந்து போட்டா ரிசீவ்லயே கிர்ருன்னு ஒரு இரைச்சல், சப்ளைல பாத்தா விசிலுக்கு 13.8 வோல்ட்ல 3 ஆம்பியர்தான் இழுக்குது. அதாவது உள்ள போறதே 41 வாட்டு, அப்ப வெளிய 50 எங்கேருந்து வேய் வரும்? அடுத்து தக்கலைல இருக்க நண்பர் போன் போட்டு, "நீ 7.1ல பேசுறது எனக்கு 14.2லயும் கேக்குது"ங்கான்.

மூடியத் தொறந்தேன். ஆன்டெனா சாக்கெட் பக்கத்துல லோ பாஸ் ஃபில்டர்ல (நம்ம ஃப்ரீக்வென்சிக்கு மேல வர்ற குப்பைய தடுக்கிறது) இருந்த சிவப்பு டொராய்டு (வளையத்துல சுத்துன காயில்) மூணையும் காணோம், அந்த இடத்துல ஒரு முனையிலேருந்து மறுமுனைக்கு ஒரு துண்டு வயர வச்சு சால்டர் பண்ணிருக்காரு, ஃபிளக்ஸ கூட தொடைக்கல. மாஸ்ஃபெட் அதே பழைய 510தான். ஓரமா ஹாட் க்ளூ வச்சு ஒரு ஸ்டெப்-அப் மாட்யூல், எல்இடி வேலைக்கு வாங்குற சல்லிசு சாமான், அதுலேருந்து 24 வோல்ட்ட மாஸ்ஃபெட்டோட ட்ரெயின் காலுக்கு குடுத்திருக்கு. ரிசீவ்ல வந்த இரைச்சல் அந்த மாட்யூல்தான்.

24 வோல்ட் குடுக்குறது தப்பில்ல, 510 அத தாங்கும், பவரும் கூடத்தான் செய்யும். ஆனா ஃபில்டர தூக்கிட்டா ஹார்மோனிக்ஸ் (நம்ம ஃப்ரீக்வென்சியோட ரெண்டு, மூணு மடங்குல வர்ற சிக்னல்) மொத்தமும் ஆன்டெனாக்கு போகும், அவரு வச்சிருந்தது 27 மெகாஹெர்ட்ஸ் சிபி ரேடியோவுக்கான மீட்டர், ஃப்ரீக்வென்சி ஏற ஏற முள்ளும் கூட ஏறும், 14லயும் 21லயும் போற குப்பையெல்லாம் சேத்துதான் அந்த 50. நோட்டீஸ் வந்தா டபிள்யூபிசி (லைசென்ஸ் குடுக்குற அரசு அமைப்பு) நம்ம கால்சைனுக்குத்தான் (லைசென்ஸ்ல இருக்க அடையாளப் பேரு) அனுப்பும், அவருக்கா அனுப்பும்?

புது டொராய்டு வாங்கி ஃபில்டர நானே சுத்திப் போட்டு, 50 ஓம் டம்மி லோடுல (ஆன்டெனாக்கு பதிலா மாட்டுற ரெசிஸ்டர்) டையோடு வச்சு அளந்தேன். பீக் 40 வோல்ட். 40ஐ 40ஆல பெருக்கி 100ஆல (50 ஓமோட ரெண்டு மடங்கு) வகுத்தா 16 வாட்டு. அவ்வளவுதான். 6லேருந்து 16ன்னா 4 டிபி சொச்சம், ரிசீவர் மீட்டர்ல ஒரு எஸ் யூனிட்டு ஏறவே 6 டிபி வேணும், எதிர்ல இருக்கவனுக்கு பெருசா வித்தியாசம் தெரியாது. இந்தப் பைசாக்கு டைபோல் ஆன்டெனாவ இன்னும் உயரமான தென்னைல கட்டிருக்கலாம், அது வேற வயித்தெரிச்சல்.

போன் போட்டுக் கேட்டா "ஒங்க ஆன்டெனா சரியில்ல"ங்காரு. கழட்டுன டொராய்டயாவது தாங்கன்னா, குப்பைல போட்டாச்சாம். பைசாவும் வரல.

இப்ப மார்த்தாண்டத்துல காலேஜ் படிக்கிற ஒரு தம்பியோட செட்டும் அங்கதான் கிடக்குன்னு கேள்வி. தம்பி, இத பாத்தா, வாங்கும்போதே கடைலயே மூடியத் தொறந்து ஆன்டெனா சாக்கெட் பக்கம் காயில் மூணும் இருக்கான்னு பாத்துக்கோ, இல்லன்னா ஆன்டெனா மாட்டி பிடிடிய (மைக்ல பேசுறதுக்கு அமுக்குற பட்டன்) அமுக்கிராத.