இரண்டு எண்களைக் காட்டி விற்ற கார்: ஆர்எக்ஸ்-7 தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

ரோட்டரி இன்ஜின் கார் ஒன்றை விற்பவர், இன்ஜினுக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையின் முடிவு என்று சொல்லி இரண்டே இரண்டு எண்களைக் காட்டினால் அந்தக் காரை வாங்காதீர்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், விற்பவர் உங்கள் ஊர்க்காரராகவே இருந்தாலும் வாங்காதீர்கள். கனடாவில், டொராண்டோவை ஒட்டிய ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்தில் நம் பிள்ளைகள் பலர் இப்போது ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய டர்போ கார்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு விற்ற ஆளும் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே இதை விரிவாகவே எழுதுகிறேன்.

கார், மஸ்டா ஆர்எக்ஸ்-7. எஃப்டி என்று அழைக்கப்படும் கடைசித் தலைமுறை, 1996 ஆம் ஆண்டுத் தயாரிப்பு, மேனுவல் கியர். 1991 இறுதியில் அறிமுகமாகி 2002 வரை தயாரிக்கப்பட்ட வடிவம் இது. பதினைந்து ஆண்டு கடந்த வாகனங்களுக்குக் கனடாவின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்துவிடுவதால் வலப்பக்க ஸ்டியரிங்கோடு இவை இங்கே தாராளமாக வந்து இறங்குகின்றன. அமெரிக்காவில் இதற்கு 25 ஆண்டு காத்திருக்க வேண்டும். வலப்பக்க ஸ்டியரிங் என்றதும் கையை விரிக்கும் காப்புறுதி நிறுவனங்கள் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். காரைப் பார்க்கப் போவதற்கு முன்பே அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இதன் இன்ஜினில் பிஸ்டன் கிடையாது. முட்டை வடிவ அறை இரண்டு. ஒவ்வொன்றிலும் முக்கோண ரோட்டர் ஒன்று சுழல்கிறது. கொள்ளளவு 1.3 லிட்டர்தான். ஆனால் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் இரண்டு டர்போக்கள் பூட்டியிருக்கின்றன. முதலாவது கீழ் வேகத்திலேயே தள்ளத் தொடங்கும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,500 சுழற்சியில் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கைமாற்றத்தை நடத்துவது வேக்குவம் குழாய்களும் சொலினாய்டு என்ற மின்வால்வுகளும் பின்னிக் கிடக்கும் ஒரு காடு. முப்பது ஆண்டு இன்ஜின் சூட்டில் வெந்த அந்த ரப்பர் குழாய்கள், கைபட்டால் ஒடியும் நிலைக்கு வந்துவிடுகின்றன. ஒரு குழாய் விரிந்தாலும் இரண்டாவது டர்போ நேரத்துக்கு வராது. ஆனால் அதெல்லாம் திருத்தக்கூடிய தலைவலி. இந்தக் காரின் உயிர் இருப்பது ரோட்டரின் மூன்று முனைகளிலும் செருகியிருக்கும் அபெக்ஸ் சீல் என்ற மெல்லிய உலோகப் பட்டைகளில்தான். அவை அறையின் சுவரோடு ஒட்டி உராய்ந்துகொண்டே போக வேண்டும். ஒன்று உடைந்தால், அதன் இருபுறமும் உள்ள இரண்டு முகங்களிலும் அழுத்தம் போய்விடும்.

நான் காரைப் பார்க்கப் போனது ஏப்ரல் மாதத்தில், குளிர் இன்னும் விடாத ஒரு காலை. போய்ச் சேர்ந்தபோது கார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி, நீர் குளிரில் நிற்கக் கூடாதென்றுதான் முன்கூட்டியே போட்டு வைத்தேன்" என்றார் தரகர். ஓட்டிப் பார்த்தோம், திரும்பி வந்தோம், விலை பேசினோம். அத்தனை நேரமும் இன்ஜினை அவர் ஒருதரம்கூட அணைக்கவில்லை. இந்த அன்புக்கு இரண்டு காரணங்கள் உண்டு. குளிர்விக்கும் நீரை அடைத்து வைக்கும் கூலன்ட் சீல் கசியும் ரோட்டரி இன்ஜின், குளிர்ந்த நிலையில் போடும்போது வெள்ளைப் புகை கக்கி, சற்று நேரம் தடுமாறி ஓடும். கம்ப்ரஷன் விழுந்த இன்ஜினோ, நன்றாகச் சூடேறியபின் அணைத்தால் மறுபடி போட முடியாமல் படுத்துவிடும். ஓடிக்கொண்டே இருக்கும் இன்ஜினில் இந்த இரண்டுமே வெளியே தெரியாது. கார் நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகமான ஐட்லிங்கையும் சற்று உயர்த்தி வைத்திருந்தார். குறைந்த வேகத்தில் கேட்க வேண்டிய விட்டுவிட்டு இருமும் சத்தம் அதில் அமுங்கிவிட்டது.

கம்ப்ரஷன் எவ்வளவு என்று கேட்டேன். தயாராக ஒரு தாள் வைத்திருந்தார். முன் ரோட்டர் 112, பின் ரோட்டர் 105 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). அளந்த அழுத்தமானியின், அதாவது கேஜின், படமும் இருந்தது. மஸ்டா சொல்லும் குறைந்தபட்ச அளவு சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ, அதாவது ஏறத்தாழ 85 பிஎஸ்ஐ. அந்தக் கணக்கில் பார்த்தால் இது அருமையான இன்ஜின்.

அந்தக் கேஜ் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் விசேஷம். சாதாரண கம்ப்ரஷன் கேஜில், உள்ளே போன காற்றை வெளியே விடாத ஒரு சிறு வால்வு இருக்கிறது. அழுத்தம் எட்டிய உச்சத்தில் முள் அப்படியே நின்றுவிடும். பிஸ்டனுக்கு அது போதும். ரோட்டருக்கு மூன்று முகங்கள். மூன்றும் ஒரே பிளக் துவாரத்தை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகின்றன. முள்ளோ அந்த மூன்றில் சிறந்ததை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். பிள்ளை இரண்டு பாடத்தில் தோற்று ஒன்றில் நல்ல புள்ளி எடுத்திருக்க, அந்த ஒன்றை மட்டும் அச்சடித்துத் தரும் தேர்ச்சி அறிக்கை போன்றது அது. ரோட்டரிக்கென்றே தனிச் சோதனைக் கருவி இருக்கிறது. அது மூன்று முகங்களையும் தனித்தனியாக அளந்து, சோதிக்கும்போது இன்ஜின் எத்தனை சுழற்சியில் சுற்றியது என்பதையும் சேர்த்துக் காட்டும். மஸ்டாவின் அளவு நிமிடத்துக்கு 250 சுழற்சிக்கானது. சுற்றும் வேகம் கூடினால் எண்ணும் கூடும். ஆகவே வேகம் குறிப்பிடாத எண்ணுக்கு மதிப்பில்லை.

வாங்கிய கோடையிலேயே கார் பெட்ரோல் நிலையங்களில் படுக்கத் தொடங்கியது. எண்ணெய் நிரப்பிவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றும். தனிக் கருவி வைத்திருக்கும் ஓர் இடத்தில் அளந்து பார்த்தேன். சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில், முன் ரோட்டர் 7.9, 7.7, 7.8. பின் ரோட்டர் 7.4, 4.6, 4.8. இந்த 7.9ஐயும் 7.4ஐயும் பிஎஸ்ஐக்கு மாற்றிப் பாருங்கள்: 112, 105. தரகர் தாளில் இருந்த அதே எண்கள். மற்ற நான்கையும் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் வியாபாரமே நடந்திருக்கிறது.

பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஜப்பானில் ஏலத்தில் விற்கும்போது காரின் நிலையைக் குறிக்கும் ஏலத் தாள் என்று அவர் கொடுத்தது ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு பக்கம். அதில் தரம் 4. சேஸி எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால் ஜப்பானிய மூலத் தாளின் பிரதியை எடுத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். அப்படி எடுத்ததில் தரம் இருக்கவேண்டிய இடத்தில் ஆர் என்ற எழுத்து நின்றது: விபத்தில் அடிபட்டுச் சட்டகம் திருத்தப்பட்ட வண்டி. ரேடியேட்டரைத் தாங்கும் முன் சட்டம் மாற்றப்பட்டது என்ற குறிப்பும் இருந்தது. ஓடிய தூரம் 131,600 கிலோமீட்டர். நான் வாங்கியபோது மீட்டர் 84 ஆயிரத்தைக் காட்டியது. காரின் பழைய வரலாற்றைக் காட்டும் கார்ஃபாக்ஸ் அறிக்கை சுத்தமாக இருந்ததே என்று கேட்பீர்கள். கனடிய கார்ஃபாக்ஸுக்கு இந்தக் கார் பிறந்ததே கனடாவில் பதிவான அன்றுதான். அதற்கு முன் ஜப்பானில் நடந்த எதுவும் அதில் வராது. பாதுகாப்புச் சான்றிதழும் இதற்கு உதவாது. ஒன்ராறியோவில் அந்தச் சான்றிதழுக்காகப் பார்ப்பது பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு, துரு போன்றவற்றை; இன்ஜினின் உள்நிலை அதில் அடங்காது.

தரகர் மீது முறையிடலாம் என்று போனால் அங்கேயும் சுவர். காரின் பதிவு அவர் பெயரில் இல்லை, மனைவியின் தம்பி பெயரில் இருந்தது. ஒன்ராறியோவில் கார் விற்பனையாளர்களை மேற்பார்க்கும் ஓம்விக் அமைப்பில் பதிவு பெற்றவரிடம் வாங்கினால், ஓடிய தூரத்தையும் பெரிய விபத்தையும் அவர் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். தனிநபர் விற்பனைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மாதம் ஒரு காரை, ஒவ்வொரு முறையும் வேறொருவர் பெயரில் விற்பவரைத் தனிநபர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தாள்களில் அவர் தனிநபர்தான். நான் ஓம்விக்குக்குக் கொடுத்த தகவலை அவர்கள் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீட்டி எழுதியிருக்க மாட்டேன். இரண்டாவது அடி கராஜில் விழுந்தது. தரகர் சொன்ன இடம் வேண்டாம் என்று, விசாரித்துத்தான் வேறொரு கராஜுக்குப் போனேன். ரோட்டரி வேலை தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர். இன்ஜினைக் கழற்றி, பின் ஹவுசிங்கின், அதாவது பின் ரோட்டர் சுழலும் அறையின், உட்சுவரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். பளபளக்கும் குரோம் பூச்சில், பிளக் துவாரத்துக்குச் சற்றுக் கீழே, தூண்டில் முள் போல வளைந்த ஓர் ஆழமான கீறல். உடைந்த சீலின் துண்டு உழுத தடம் அது. "இதைத் திருப்பிப் போட முடியாது தம்பி, இரண்டு ஹவுசிங்கும் புதிதாகவே போட வேண்டும்" என்றார். சொன்னது நியாயம். புதிய ஹவுசிங் இப்போது எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கடுமை. பில்லில் அந்த இரண்டுக்கும் போட்ட தொகையில் ஒரு பழைய கொரொல்லா வாங்கிவிடலாம். கொடுத்தேன்.

கார் அக்டோபர் இறுதியில் கைக்கு வந்தது. புதிய சீல்கள் சுவரோடு பழகும்வரை மெதுவாக ஓட்ட வேண்டும், டர்போ தரும் அழுத்தமான பூஸ்ட்டை ஏற்றக் கூடாது, கம்ப்ரஷன் போகப் போக ஏறும், இப்போது அளந்து பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றார். புதிதாகக் கட்டிய இன்ஜினுக்கு இது உண்மையிலேயே பொருந்தும் அறிவுரை. நவம்பரில் வீதிகளில் உப்பு விழுந்தது. இந்த மாதிரிக் காரை இங்கே யாரும் குளிர்காலத்தில் வெளியே எடுப்பதில்லை. நானும் மூடி வைத்தேன். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கார் திருத்தும் வேலைக்கும் பூட்டிய பாகத்துக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. என் கார் போர்வைக்குள் கிடந்தபோதே அந்த 90 நாளும் ஓடி முடிந்துவிட்டன. குளிர்காலம் வாசலில் நிற்கும்போது இன்ஜினைக் கட்டித் தருபவருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்காது.

வசந்தத்தில் மறுபடி அதே பெட்ரோல் நிலைய நாடகம். இம்முறை அளந்தபோது பின் ரோட்டரின் மூன்று முகங்களும் ஒன்றுபோல 5.5ஐ ஒட்டி நின்றன. எனக்கு உறைத்தது அந்த ஒற்றுமைதான். சீல் பழுதென்றால் இரண்டு முகம் விழும், ஒன்று நிற்கும். மூன்றும் ஒரே அளவில் விழுந்தால் குற்றவாளி சுவர். மூன்று சீலும் மாறி மாறி அதே கீறலைக் கடந்து போகின்றன. வேறொரு மெக்கானிக்கைப் பிடித்துத் திறந்து பார்த்தோம். பிளக் துவாரத்துக்குச் சற்றுக் கீழே அதே தூண்டில் முள். கராஜ்காரர் எனக்கு அனுப்பிய படத்தைத் தொலைபேசியில் பெரிதாக்கி ஹவுசிங்குக்குப் பக்கத்திலேயே பிடித்துப் பார்த்தோம். வளைவு, ஆழம், ஓரத்தில் குரோம் உரிந்திருந்த வடிவம் எல்லாம் அச்சுப் பிசகாமல் பொருந்தின. ஓரத்தில் உரிந்த பூச்சை மட்டும் யாரோ அரத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். சீல்கள் புதியவைதான், அதை மறைக்க மாட்டேன். புதிய சீல்களை உழுத சுவரில் ஓடவிட்டிருக்கிறார்கள். அவையும் இப்போது கெட்டுவிட்டன.

கழற்றிய பழைய ஹவுசிங்குகள் எங்கே என்று கராஜ்காரரிடம் கேட்டேன். பழைய இரும்பு எடுப்பவர் கொண்டுபோய்விட்டார் என்றார். ஹவுசிங் அலுமினியம். அதுவும் போகட்டும். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தருவதாக வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும் என்பது அதே சட்டத்தில் இருக்கிறது. வேலை தொடங்குமுன் எழுத்தில் எஸ்டிமேட் தர வேண்டும், அதற்கு மேல் பத்து சதவீதத்தைத் தாண்டி வாங்கக் கூடாது என்பதும் அதில்தான் வருகிறது. எஸ்டிமேட் வேண்டாம் என்று கையெழுத்து வாங்கும் ஒரு வரியைச் சில கராஜ்கள் படிவத்தின் அடியில் வைத்திருக்கும். அதைப் படிக்காமல் பேனாவை எடுக்காதீர்கள். பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்று எஸ்டிமேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். திறந்த அன்றே போய், ஹவுசிங்கின் வெளிப்புறத்தில் அழியாத மையால் உங்கள் அடையாளம் ஒன்றை இடுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்க மாட்டார். இப்போது என் இன்ஜினைப் பார்ப்பவர் தானே பேனாவை எடுத்து நீட்டினார்.

வாங்கப் போகிறவர்களுக்கும் அப்படித்தான். இன்ஜின் இரவு முழுக்க ஆறியிருக்கும்போது வருகிறேன், பானெட்டைத் தொட்டுப் பார்ப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரைமணி நேரம் ஓட்டி, அணைத்து, பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். ஆறு எண்களும் சுழற்சி வேகமும் உள்ள தாள், நீங்கள் தெரிந்தெடுத்த இடத்தில் உங்கள் கண்முன் அளந்ததாக இருக்கட்டும். ஜப்பானிய மொழியில் உள்ள ஏலத் தாளையும் ஏற்றுமதிச் சான்றிதழையும் கேளுங்கள். சான்றிதழில் ஓடிய தூரம் பதிவாகியிருக்கும். இதற்கெல்லாம் முகம் சுளிப்பவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

கராஜ்காரர் கடைசியாக அனுப்பிய செய்தியில், "நம் ஆட்களுக்குள் இதைப் பெரிதாக்க வேண்டாம், ஹவுசிங் காசில் பாதியைத் தருகிறேன்" என்றிருக்கிறார். போடாத பாகத்துக்குப் பாதி விலை ஏன் என்று திருப்பிக் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. அவர் அனுப்பிய படம், அவருடைய பில், திறந்து பார்த்த மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை ஆகிய மூன்றையும் இணைத்து முழுத் தொகைக்கும் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். அதே கராஜில் ஹவுசிங் மாற்றியதாகப் பில் வைத்திருப்பவர் யாராவது இருந்தால், உத்தரவாத நாட்கள் முடியும் முன் ஆறு எண்களையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.