34-க்கு 34: ஒரே மலைச் சுற்றில் மூன்று வருடம்

மூன்று வருடமாக வாரத்துக்கு ஒரு தடவையாவது சைக்கிளில் இதே சுற்றுதான். மொத்தம் 34 கிலோமீட்டர். முதல் 10 மேடும் பள்ளமுமாகப் போகும், அப்புறம் 8 கிலோமீட்டர் ஏற்றம், உச்சியைத் தாண்டினால் மறுபக்கம் 16 கிலோமீட்டர் மெல்ல இறங்கி கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். ஏற்றத்தின் சராசரி 8 சதவீதம். கேட்க சுமாராகத்தான் தெரியும். ஆனால் நடுவில் 1.2 கிலோமீட்டருக்கு 14 சதவீதம், அதாவது 100 மீட்டர் முன்னே போவதற்குள் 14 மீட்டர் மேலே ஏறியாக வேண்டும். என் ரோடு பைக்கில் எது இருக்க வேண்டும், எதைக் கழற்ற வேண்டும் என்று தீர்மானித்தது அந்த ஒரு துண்டுதான்.

வாங்கும்போது முன்னால் 50/34, அதாவது 50 பல்லும் 34 பல்லுமாக இரண்டு பல்சக்கரம், பின்னால் 11-28 கேசட், அதாவது 11 பல்லிலிருந்து 28 பல் வரையிலான பல்சக்கர அடுக்கு. முதல் ஆறு மாதம் அதிலேயே ஏறினேன். அந்தச் செங்குத்தில் என் வேகம் மணிக்கு ஆறரை கிலோமீட்டர், அந்த வேகத்துக்கு முன்னால் 34, பின்னால் 28-இல் நிமிடத்துக்கு 42 சுற்றுதான் கால் சுற்றும். ஒவ்வொரு மிதியும் மாடிப்படியில் மூட்டையைச் சுமந்து ஏறுகிற மாதிரி இருக்கும். நாலாவது மாதமே முழங்கால் சில்லைச் சுற்றி வலி, நாற்காலியிலிருந்து எழுந்தாலே சுருக்கென்றது. சீட்டும் தாழ்வாக இருந்தது, அதை 6 மில்லிமீட்டர் ஏற்றினேன், கொஞ்சம் குறைந்தது. முழுசாகப் போனது 11-34 கேசட் மாற்றிய பிறகுதான். இப்போது அதே வேகத்தில் 51 சுற்று. ஒன்பது சுற்று வித்தியாசம் என்று எண்ணாக எழுதினால் அற்பமாகத் தெரியும், ஆனால் உட்கார்ந்தபடியே ஏற முடிகிறது, மேலே போய்ச் சேர்ந்ததும் காலில் இன்னும் தெம்பு மிச்சமிருக்கிறது. முன்பு 50 நிமிடம் எடுத்த ஏற்றம் இப்போது 43.

கேசட்டை மட்டும் மாற்றினால் போதாது. பின் டீரெய்லர், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி, 34 பல்லைத் தாங்கும் நீளமான கூண்டு உள்ளதா என்று முதலில் பாருங்கள், செயினும் நீளமாக வேண்டும். எனக்கு மாட்டிக்கொடுத்தவர் பழைய செயினையே விட்டுவிட்டார். முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்று தவறிப்போய் மாற்றியபோது செயின் கம்பி மாதிரி விறைத்து டீரெய்லரை முன்பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. அன்றைக்கே புதுச் செயின் போட்டேன்.

பின்னால் பெரிய பல்சக்கரம் போடுவது கௌரவக் குறைச்சல் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் 1937 வரை டீரெய்லருக்கே அனுமதி கிடையாது, அப்போதும் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்திலிருந்த பெரிய பல்லில்தான் ஏறினார்கள். ஸ்பெயினின் ஆங்லிரு ஏற்றத்தில் 23 சதவீதத்தைத் தாண்டும் இடம் இருக்கிறது, அங்கே தொழில்முறை வீரர்களும் வழக்கத்தைவிட லேசான கியரோடுதான் வருகிறார்கள்.

ஏறும் முறையில் ஒரே ஒரு விஷயம்: செங்குத்து தொடங்குவதற்கு முன்பே கியரை இறக்கிவிடுங்கள். பாரத்தோடு மாற்றினால் செயின் நறநறவென்று கடிக்கும், சில சமயம் கழன்றும் விழும். ஈரச் சாலையில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்குகிறது, அதனால் சீட்டின் முனைக்கு நகர்ந்து முழங்கையை மடித்துக் குனிந்துகொள்கிறேன்.

இப்போது இறக்கம். இந்தச் சுற்றை ஒரே ஒரு தடவை எதிர்த்திசையில் போனேன், அந்த 14 சதவீதத்தில் கீழே இறங்கினேன், இனி போக மாட்டேன். பயத்தில் இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம், பிரேக் பிடி கல் மாதிரி இறுகியிருக்கிறது, வேகம் மட்டும் குறையவில்லை. ஓரத்து மண்ணில் ஏற்றித்தான் நிறுத்தினேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. பிரேக் டிஸ்க்கைப் பார்த்தால் விளிம்பில் நீலம் பாய்ந்திருந்தது, வீட்டில் கழற்றிப் பார்த்தபோது பேடின் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டையின்) முகம் கண்ணாடி போலப் பளபளத்தது.

கணக்குப் போட்டால் ஆச்சரியமே இல்லை. சைக்கிளும் நானும் சேர்ந்து 80 கிலோ. 640 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். வேகமாக இறங்கினால் பெரும்பகுதி காற்று வாங்கிக்கொள்ளும், தேய்த்துக்கொண்டே ஊர்ந்தால் அவ்வளவும் அந்த மெல்லிய டிஸ்க்குக்குத்தான். அதனால் இப்போது நேரான பகுதியில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, திரும்பும்போது பிரேக்கை விட்டுவிடுகிறேன். ரெசின் (பிசின்) பேடுக்குப் பதில் உலோகப் பேடு. வெப்பம் தாங்குகிறது, மெதுவாகத் தேய்கிறது. மழையில் கீச்சிடும், அதைச் சகித்துக்கொள்ளலாம். சில டிஸ்க்குகளில் ரெசின் மட்டும் என்று பொறித்திருக்கும், அதில் உலோகப் பேடு போடக் கூடாது. புதுப் பேடு மாட்டியதும் சமதரையில் இருபது தடவையாவது வேகமெடுத்து மெல்லப் பிடித்துப் பழக்கிவிட்டுத்தான் மலைக்குப் போக வேண்டும்.

டயர் 25 மில்லிமீட்டர் அகலத்திலிருந்து 28-க்கு மாறினேன், காற்று 100 பிஎஸ்ஐ-யிலிருந்து 75. வளைவில் பிடிமானம் கூடியது, ஏற்ற நேரம் ஒரு நொடிகூட அதிகமாகவில்லை. உச்சியில் வியர்வையோடு அப்படியே இறங்கினால் நெஞ்சு குளிர்ந்துவிடும், பழைய பந்தய வீரர்கள் மாதிரி ஜெர்சிக்குள் ஒரு செய்தித்தாளைச் செருகிக்கொள்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது.

செயின்தான் சீக்கிரம் தேய்கிறது. செயின் தேய்மானம் பார்க்கும் அளவுகோலில் 0.5 சதவீத நீட்சி காட்டியதும் மாற்றிவிடுவதால் கேசட் பிழைத்திருக்கிறது. இப்போது ஓடுவது நாலாவது செயின், கேசட் இன்னும் அதே 11-34.