நியூ ஜெர்சியில் டிரைவர்ஸ் எட்: 16 வயதிலேயே தொடங்குவதா, 17 வரை பொறுப்பதா?

எடிசன், பிளெயின்ஸ்பரோ, சவுத் பிரன்ஸ்விக் பக்கம் பத்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு எப்படியும் வரும். ஹைஸ்கூலிலேயே டிரைவர்ஸ் எட் (கார் ஓட்டுவதற்கான பாடம்) நடத்துகிறார்களே, அது போதாதா? டிரைவிங் ஸ்கூலுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா? இப்போது என்ன அவசரம், 17 ஆகட்டுமே?

மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும், நியூ ஜெர்சி சட்டத்தை வைத்துப் பார்த்தால் ஹைஸ்கூலுக்கும் டிரைவிங் ஸ்கூலுக்கும் நடுவே பெரிய போட்டி இல்லை. ஒன்று பாடம் நடத்துகிறது, மற்றது கார் ஓட்டக் கற்றுத்தருகிறது. பெற்றோர் உண்மையில் முடிவெடுக்க வேண்டியது எந்த வயதில் தொடங்குவது என்பதைத்தான். 16 வயதிலேயே தொடங்குங்கள் என்பது என் கருத்து.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. வேறு மாநிலத்தில் இருக்கும் உறவினர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். நியூ யார்க்கில் ஹைஸ்கூல் டிரைவர்ஸ் எட் முடித்தவருக்குச் சட்டமே ஒரு சலுகை தருகிறது. அங்கே 18 வயதில் கிடைக்கும் முழு லைசன்ஸ், அந்தப் படிப்பை முடித்திருந்தால் 17 வயதிலேயே கிடைத்துவிடும். அதனால் லாங் ஐலண்டில் இருக்கும் சித்தப்பா "எப்படியாவது ஸ்கூல் கோர்ஸில் சேர்த்துவிடு" என்று சொன்னால், அவர் ஊருக்கு அது சரியான அறிவுரை. பென்சில்வேனியாவிலோ 16 வயதில் பர்மிட் (துணையோடு மட்டும் ஓட்டிப் பழகும் அனுமதி), 65 மணி நேரப் பயிற்சி, பதினாறரை வயதில் ஜூனியர் லைசன்ஸ். நியூ ஜெர்சியில் 17 ஆகாமல் யாரும் தனியாகக் கார் ஓட்ட முடியாது, எந்த கோர்ஸ் படித்திருந்தாலும் சரி. இவ்வளவு தாமதமாக லைசன்ஸ் தரும் மாநிலம் அமெரிக்காவில் வேறு இல்லை.

இங்கே பெரும்பாலான அரசு ஹைஸ்கூல்களில் டிரைவர்ஸ் எட் என்பது பத்தாம் வகுப்பு ஹெல்த் பாடத்தின் ஒரு பகுதி. 30 மணி நேரம் தியரி: சாலைக் குறியீடுகள், யாருக்கு முதலில் வழிவிட வேண்டும், குடித்துவிட்டு ஓட்டினால் என்ன தண்டனை, வேகம் கூடினால் நிற்க எவ்வளவு தூரம் தேவை. கடைசியில் 50 கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வு, 80 சதவீதம் எடுத்தால் பாஸ். அதைப் பள்ளியிலேயே எழுதிவிட்டால் எம்விசி (மாநில மோட்டார் வாகன ஆணையம்) அலுவலகத்தில் மறுபடி எழுத வேண்டாம், கண் பரிசோதனை மட்டும் பாக்கி. கட்டணம் கிடையாது, தனியாக அழைத்துப்போகவும் வேண்டாம், பாடத்தையும் ஒழுங்காகவே நடத்துகிறார்கள். இதைக் குறைத்து மதிக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் பிள்ளை ஸ்டியரிங்கைத் தொடாமலேயே இந்த வகுப்பு முடிந்துவிடும். "டிரைவர்ஸ் எட் முடிச்சுட்டான்" என்று பெற்றோர் நிம்மதி அடைவதைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். முடிந்திருப்பது தியரி மட்டும்தான்.

அதே தியரியைப் பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் டிரைவிங் ஸ்கூல்களும் உண்டு. எம்விசி கையேட்டில் உள்ளதைத்தான் அவர்களும் நடத்துகிறார்கள். ஹைஸ்கூலில் அந்த வகுப்பு இருந்தால் இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. சிக்கல் வருவது தேதியில்தான். ஹெல்த் பாடம் வருடம் முழுக்க இருக்காது, பெரும்பாலும் ஒரே ஒரு மார்க்கிங் பீரியட் (மதிப்பெண் தரும் ஒரு பருவம்). அக்டோபரிலேயே 16 ஆகிவிடும் பெண்ணுக்கு அந்தப் பாடம் ஏப்ரலில் வந்தால் ஆறு மாதம் வீணாகிவிடும். வருட நடுவில் ஊர் மாறி வந்த பிள்ளைகளுக்கும் இதே கதைதான். அப்போதும் தனியார் தியரி வகுப்பு கட்டாயமில்லை. எம்விசி தளத்தில் கையேடு இலவசமாகவே கிடைக்கிறது. படித்துவிட்டு நேராக எம்விசியில் தேர்வு எழுதலாம். கவுன்சலரிடம் ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே ஹெல்த் பாடம் எந்த மார்க்கிங் பீரியடில் வருகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வண்டியில் ஏறுவது. 16 வயதில் பர்மிட் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற பயிற்றுநரிடம் 6 மணி நேரம் ஓட்டிப் பழக வேண்டும், இது கட்டாயம். விண்ணப்பத்தில் பெற்றோரும் டிரைவிங் ஸ்கூலும் கையெழுத்திட வேண்டும், பர்மிட்டுக்குக் கட்டணம் 10 டாலர். அந்த 6 மணி நேரமும் முடிந்து பர்மிட் செல்லுபடியான பிறகுதான் பிள்ளை உங்களோடு ஓட்டலாம். பக்கத்தில் இருப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், நியூ ஜெர்சி லைசன்ஸும் குறைந்தது மூன்று வருட அனுபவமும் வேண்டும். இந்த ஆறு மணி நேரத்துக்குச் சில நூறு டாலர் ஆகும். நண்பர் வட்டத்தில் எங்கே மலிவு என்று விசாரிப்பதைவிட, இரண்டு மணி நேர வகுப்பில் உண்மையில் எத்தனை நிமிடம் பிள்ளை ஓட்டுகிறது, அடுத்த மாணவரை வழியில் ஏற்றி இறக்குகிறார்களா, ரூட் 1-க்குக் கூட்டிப்போகிறார்களா அல்லது குடியிருப்புத் தெருக்களையே சுற்றிவருகிறார்களா என்று கேளுங்கள். 50 டாலர் மிச்சம் பிடிப்பதைவிட இந்தப் பதில்கள் முக்கியம்.

17 வயதில் தொடங்கினால் அந்த 6 மணி நேரக் கட்டாயம் இல்லை. எழுத்துத் தேர்வும் கண் பரிசோதனையும் முடித்து பர்மிட் வாங்கி, நேராகப் பெற்றோருடன் ஓட்டலாம். பணம் மிச்சம், பிள்ளைக்கும் ஒரு வயது கூடியிருக்கும். பொறுத்திருப்பவர்கள் சொல்லும் நியாயம் இதுதான், அதில் உண்மையும் இருக்கிறது. நேரில் பார்த்தாலே இன்னும் பக்குவம் வரவில்லை என்று தெரியும் பிள்ளையைப் பிடித்துத் தள்ள வேண்டாம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். எந்த வழியில் போனாலும் குறைந்தது ஆறு மாதம் துணையோடு ஓட்ட வேண்டும். 16-ல் தொடங்கிய பிள்ளைக்கு 17-ல் புரொபேஷனரி லைசன்ஸ் (தனியாக ஓட்டலாம், ஆனால் கட்டுப்பாடுகளோடு), 18-ல் முழு லைசன்ஸ். 17-ல் தொடங்கினால் முறையே பதினேழரை, பதினெட்டரை. பன்னிரண்டாம் வகுப்பில் கல்லூரி விண்ணப்பங்களுக்கு நடுவே பயிற்சியும் நடக்க வேண்டும். பிப்ரவரி 2025 முதல் 21 வயதுக்கு உட்பட்டவர்கள் 50 மணி நேரம் துணையோடு ஓட்டியிருக்க வேண்டும், அதில் 10 மணி நேரம் இரவில். ஆறு மாதத்தில் அதை முடிக்க வாரம் இரண்டு மணி நேரம் தேவை. ஒரு வருடம் இருந்தால் வாரம் ஒரு மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு, கோயிலுக்கு, காஸ்ட்கோவுக்கு என்று எப்படியும் போகிற வழியிலேயே அது கழிந்துவிடும்.

கணக்கைவிடப் பெரிய காரணம் குளிர்காலம். 16-ல் தொடங்கினால் பனியும் உறைந்த சாலையும் மாலை ஐந்து மணிக்கே இருட்டும் டிசம்பரும் வரும்போது நீங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பீர்கள். மார்ச்சில் 17 ஆகி, உடனே பர்மிட் வாங்கி, செப்டம்பரில் லைசன்ஸ் எடுக்கும் பிள்ளை தன் முதல் பனிச்சாலையைத் தனியாகச் சந்திக்கும். இலையுதிர்காலத்தில் மாலை மயங்கும் நேரம் மான்கள் சாலைக்கு வருவதும், ரூட் 1-ல் இடப்பக்கம் திரும்ப வலப்பக்கமாக விலகிச் செல்லும் ஜக்ஹேண்டிலும் கையேட்டில் படித்து மனதில் பதிகிற விஷயங்கள் அல்ல. பலகையை முன்னாலேயே கவனித்து லேன் மாறும் பழக்கம் பல மாதங்கள் ஓட்டினால்தான் கைக்கு வரும். புரொபேஷனரி காலத்துக்குப் பின் கல்லூரி வந்துவிடும். நீங்கள் கூட உட்காரக்கூடிய வருடம் இது ஒன்றுதான்.

யார் சொல்லித்தருவது என்பதையும் யோசியுங்கள். சென்னையிலோ கோவையிலோ ஓட்டிப் பழகி வந்த அப்பாக்களுக்கு அனுபவம் நிறைய, ஆனால் பலருக்கும் அது கையில் இருக்கிறதே தவிர வாயில் வருவதில்லை. ஸ்டாப் சைன் முன் முழுவதுமாக நிற்காமல் மெல்ல உருட்டிக்கொண்டு போகும் பழக்கத்தைப் பிள்ளை முதல் நாளே பார்த்துக் கற்றுவிடும். அமெரிக்கா வந்த பிறகு முப்பது வயதுக்கு மேல் இன்ஸ்ட்ரக்டரிடம் கற்றுக்கொண்ட அம்மாக்கள் இதில் நன்றாகவே செய்கிறார்கள் என்பது நான் பல வீடுகளில் பார்த்தது. கண்ணாடி, சிக்னல், தோள்பக்கம் திரும்பிப் பார்ப்பது என்று ஒவ்வொரு படியும் அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது, அதைச் சொல்லவும் வருகிறது. முடிந்தால் 50 மணி நேரத்தையும் இருவருமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

லைசன்ஸ் கைக்கு வந்த பிறகும் எந்த வழியில் வந்தவருக்கும் கட்டுப்பாடுகள் ஒன்றுதான். இரவு 11.01 முதல் அதிகாலை 5 வரை ஓட்டக்கூடாது. ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்றாலும் போன் கூடாது. பெற்றோர் கூட இல்லாவிட்டால் ஒரே ஒரு பயணிதான். தம்பியும் அந்தக் கணக்கில் சேர்வான், ஆகவே தம்பியையும் நண்பனையும் சேர்த்து ஏற்ற முடியாது. 21 வயதுக்கு உட்பட்டவர்கள் நம்பர் பிளேட்டில் சிவப்பு டெக்கல் (ஸ்டிக்கர்) ஒட்ட வேண்டும். 2006-ல் விபத்தில் இறந்த கைலி டி'அலெசியோ என்ற பெண்ணின் பெயரால் வந்த சட்டம் இது, 2010 முதல் நடைமுறையில் இருக்கிறது. மகள் சின்னப் பெண் என்று ஊருக்கே தெரிந்துவிடுமே என்று தயங்கும் பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒட்டாமல் ஓட்டினால் அபராதம் பிள்ளைக்குத்தான்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு பர்மிட் வாங்கும்போதே தகவல் சொல்லிவிடுங்கள். 30 மணி நேர வகுப்பு முடித்த சான்றிதழுக்கும், நல்ல மதிப்பெண்ணுக்கும் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். விசாவில் இருக்கும் குடும்பங்கள் எம்விசி கேட்கும் ஆறு பாயிண்ட் (ஒவ்வொன்றுக்கும் இத்தனை புள்ளி என்று கணக்கிடும்) அடையாள ஆவணங்களை பிறந்தநாளுக்கு முன்பே எடுத்து வைப்பது நல்லது.

டிரைவிங் ஸ்கூலுக்கு இரண்டாவது முறை பணம் கொடுக்க வேண்டி வரலாம், அது ரோடு டெஸ்ட்டுக்கு. தேர்வாளர் தன் இருக்கையிலிருந்து பிரேக்கை எட்ட முடிய வேண்டும், நடுவில் பெரிய கன்சோல் அதைத் தடுக்கக்கூடாது. இப்போது வரும் எஸ்யூவிகள் பலவற்றில் இது சிக்கல். உங்கள் வண்டி ஒத்துவராவிட்டால் டிரைவிங் ஸ்கூல் காரை அன்றைக்கு வாடகைக்கு எடுங்கள். அதற்கு முந்தைய வாரம் அதே காரில் ஒரு மணி நேரம், பேரலல் பார்க்கிங்குக்கும் கே-டர்னுக்கும் (குறுகிய சாலையில் முன்னும் பின்னும் நகர்த்தி வண்டியைத் திருப்புவது) மட்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.