ஒன் சிமுலேட்டர்: ரூட்டிங் ஒப்பீட்டுக்கு அருமை, டீஃபால்ட் எண்களில் கவனம்

இணைப்பு விட்டு விட்டுக் கிடைக்கும் வலைப்பின்னலில் செய்தி எப்படிப் போய்ச் சேரும் என்று ஆராய்பவர்கள் பெரும்பாலும் முதலில் கையிலெடுப்பது ஒன் (ONE) சிமுலேட்டரைத்தான்; அப்படிப்பட்ட வலைப்பின்னலைக் கணினியில் போலியாக ஓட்டிப் பார்க்கும் மென்பொருள் இது. ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அரி கெரானென், யோர்க் ஓட், தீமு கர்க்கைனென் மூவரும் 2009இல் கட்டுரையாக அறிமுகப்படுத்தியது. ஜாவாவில் எழுதப்பட்டது, ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம், காசு கிடையாது. எபிடெமிக், ஸ்ப்ரே அண்ட் வெயிட், ப்ராஃபெட், மேக்ஸ்ப்ராப் என்ற ரூட்டிங் முறைகள் (செய்தியை யாரிடம் கொடுப்பது என்ற விதிகள்) எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. ஜேடிகே (ஜாவா உருவாக்கக் கருவிகள்) போட்டு கம்பைல் செய்து ஓட்டினால், ஹெல்சின்கி வரைபடத்தில் 80 பாதசாரிகள், 40 கார்கள், 6 டிராம்கள் என 126 நோட்கள் (செய்தி சுமக்கும் சாதனங்கள்) நகர ஆரம்பித்துவிடும்.

அந்த டீஃபால்ட் அமைப்பை அப்படியே வைத்து முடிவு எழுதுவதில்தான் வில்லங்கம். பாதசாரிகளுக்கும் கார்களுக்கும் புளூடூத் எட்டும் தூரம் 10 மீட்டர், வேகம் 250கே. இது பிட் அல்ல, வினாடிக்கு 250 கிலோபைட். அதாவது 2 எம்பிபிஎஸ். செய்தியின் அளவு 500கே முதல் 1எம் (மெகாபைட்) வரை. எதிரெதிரே நடந்து வரும் இருவர் தலா வினாடிக்கு 1 மீட்டர் நடந்தால், 20 மீட்டரைக் கடக்க 10 வினாடி. சராசரி செய்தி ஒன்றுக்கு 3 வினாடி ஆகும். மூன்று செய்திகள் கைமாறலாம். எதிரெதிரே தலா வினாடிக்கு 10 மீட்டரில் வரும் கார்களுக்கு ஒரே ஒரு வினாடிதான் கிடைக்கும். மிகச் சிறிய செய்திக்கே 2 வினாடி தேவை. அறிக்கையில் 'அபார்ட்டட்' (பாதியில் அறுந்த பரிமாற்றங்கள்) எண்ணிக்கை எகிறினால் ரூட்டிங் முறையைத் திட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓட்டம் மெதுவாக இருக்கிறதே என்று அப்டேட் இடைவெளியை (நோட்களின் இடத்தைச் சிமுலேட்டர் சரிபார்க்கும் இடைவெளி) 0.1இலிருந்து 1 வினாடிக்கு ஏற்றினால், இப்படிப்பட்ட குறுஞ்சந்திப்புகள் பல பதிவாகாமலே போகலாம்.

பஃபரும் (நோட் செய்திகளைத் தேக்கி வைக்கும் இடம்) அப்படியே. 5எம்மில் சராசரியாக ஆறு செய்திகள்தான் அடங்கும். கண்டவர்க்கெல்லாம் நகல் கொடுக்கும் எபிடெமிக் அதில் திணறாமல் என்ன செய்யும்? எபிடெமிக்கைத் தோற்கடித்துவிட்டோம் என்பவர்கள் பல நேரம் தோற்கடித்தது இந்தப் பஃபரைத்தான்.

சிமுலேஷன் நேரம் வினாடியில், செய்தியின் டிடிஎல் (ஆயுட்காலம்) மட்டும் நிமிடத்தில். டிடிஎல் 300 என்றால் 18,000 வினாடி. மொத்த ஓட்டம் 43,200 வினாடி என்பதால், 25,200க்குப் பிறகு பிறக்கும் செய்திகளுக்கு முழு ஆயுள் கிடைக்காது. டெலிவரி விகிதம் காரணமில்லாமல் குறையும். செய்தி உருவாக்கத்தை 0 முதல் 25,200 வரை என நிறுத்திவிட்டால் கணக்கு நேராகும்.

நோட்களைக் கூட்டியபின் 'ஹோஸ்ட்ஸ்' வரம்பை (எந்த எண்ணுள்ள நோட்கள் செய்தி அனுப்பும், பெறும் என்பது) மாற்ற மறந்தால், அதற்கு வெளியே விழும் நோட்கள் செய்திகளைச் சுமக்குமே தவிர அனுப்பவோ பெறவோ செய்யாது. குறைத்துவிட்டு மறந்தால் பிழை காட்டி நின்றுவிடும், அது தேவலாம்.

மிக நுணுக்கமான பொறி ரேண்டம் சீடில் (தற்செயல் எண்வரிசையின் தொடக்க எண்) இருக்கிறது. நகர்வுக்கான சீடை மாற்றினால் நடமாட்டம் மட்டும் மாறும். செய்திகளை உருவாக்கும் பகுதியோ தன் சீடை ஐடி முன்னொட்டிலிருந்து (செய்திப் பெயர்களின் தொடக்க எழுத்து) எடுக்கிறது. முன்னொட்டு அதேதான் என்றால், ஐந்து சீடுகளில் ஓட்டினாலும் ஐந்து ஓட்டத்திலும் அதே செய்திகள், அதே அளவுகள், அதே நேரங்கள். ஐந்து சீடுகளோடு ஐந்து முன்னொட்டுகளையும் பட்டியலாகக் கொடுங்கள். பல ஓட்டங்களை வரிசையாக ஓட்டும் பேட்ச் முறையில் இரண்டும் ஒன்றாக நகரும், இங்கே வேண்டியதும் அதுதான். ஆனால் ஐந்து சீடுகளோடு ஐந்து பஃபர் அளவுகளைக் கொடுத்தால் 25 சேர்க்கைகள் வராது. அதே ஐந்து ஜோடிகளே திரும்பத் திரும்ப ஓடும். பஃபரை மூன்று அளவாக வைத்தால் 15 சேர்க்கைகளும் வரும். சினாரியோ (ஓட்டத்தின் அமைப்பு) பெயரில் இந்த மதிப்புகளைச் சேர்க்காவிட்டால் ஒவ்வொரு அறிக்கையும் முந்தையதை அழித்து எழுதிவிடும்.

வானொலி அலையின் இடையூறு, சிக்னல் மங்கல், மேக் அடுக்கு (யார் எப்போது அலைவரிசையைப் பயன்படுத்துவது என்ற ஒழுங்கு) எதுவும் டீஃபால்ட் அமைப்பில் இல்லை. எட்டும் தூரத்துக்குள் வந்தால் முழு வேகம், தாண்டினால் பூஜ்யம். அந்த நுணுக்கம் தேவையென்றால் என்எஸ்-3 என்ற இன்னொரு வலைப்பின்னல் சிமுலேட்டர் பக்கம் போங்கள்.

உண்மையான சந்திப்புப் பதிவுகளை ஏற்றும் வசதி மட்டும் இதில் பிரமாதம்: நேரம், இரு நோட் எண்கள், இணைந்ததா பிரிந்ததா, அவ்வளவே. ஆனால் 'சிமுலேட் கனெக்ஷன்ஸ்' என்பதை ஃபால்ஸ் ஆக்க மறந்து, எல்லா நோட்களையும் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருந்தால், சிமுலேட்டர் தானே எல்லோரையும் இணைத்துவிடும். டெலிவரி 100 சதவீதத்தை நெருங்கினால் முதலில் அந்த வரியைத் திறந்து பாருங்கள்.