‘ஜெர்மன் டூல் செட்’ வேன்கள்: வாளையார் முதல் கோவிந்தாபுரம் வரை இருப்பவர்கள் கவனத்துக்கு

கேரள-தமிழ்நாடு எல்லையில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் ரோட்டோரமாக வேன் நிறுத்தி டூல் பெட்டி விற்கிறவர்கள் மறுபடியும் சுற்றுகிறார்கள். "அண்ணா, ஜெர்மன் மால். கொச்சியில கஸ்டம்ஸ்காரன் பிடிச்சு ஏலம் விட்டது. கடைக்குப் போனா எட்டாயிரம். பெட்டி நசுங்கினதால ரெண்டாயிரத்து எண்ணூறு" என்பதுதான் பேச்சு. பம்ப்செட் ஃபிட்டிங், மோட்டார் வைண்டிங், வயரிங் என்று இந்தப் பக்கம் வேலை செய்கிற எங்கள் ஆட்களிடம் இந்தப் பெட்டி சில வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்றுகூட ஜெர்மன் இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால் அந்த இடத்தில் வேன் இல்லை, கியாரண்டி கார்டில் உள்ள செல் நம்பர் உபயோகத்தில் இல்லை. பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொரு சாமானாகச் சோதித்ததில் தெரிந்ததை எழுதுகிறோம். காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். உள்ளே இருக்கும் கட்டிங் பிளேயர் ஆளைக் கொல்லும், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

எட்டு இஞ்ச் பிளேயர். சிவப்பும் மஞ்சளுமாகத் தடித்த கைப்பிடி, அதில் ‘1000 வோல்ட்’ என்று அச்சு. வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு இழுத்தால் உறை கையோடு வந்துவிடுகிறது. வெட்டிப் பார்த்தால் உள்பக்கம் ஒரு மில்லி கனம்கூட இல்லை. தடிப்பாகத் தெரிய வேண்டும் என்று வெளியே வரி வரியாக எழுப்பியிருக்கிறார்கள். விரல் வழுக்கி இரும்பைத் தொடாமல் தடுக்க உறையின் மேல்முனையில் ஒரு மேடு இருக்க வேண்டும், அது இல்லை. சில உறைகளில் தையல் போல ஓடும் இணைப்பு அப்போதே பிளந்திருந்தது. ஈரக் கையோடு 230 வோல்ட் லைனில் இதைப் பிடித்தால் என்ன ஆகும் என்று வயரிங் செய்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

உண்மையான 1000 வோல்ட் டூலில் இரட்டை முக்கோணக் குறியும், ஐஇசி 60900 என்ற தர எண்ணும், தயாரித்த ஆண்டும், தயாரித்தவர் பெயரும் அழியாதபடி பதிந்திருக்கும். அப்படிப்பட்ட டூலை 10,000 வோல்ட்டில் சோதித்த பிறகுதான் வெளியே விடுவார்கள். இன்னொன்றும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் ஊர்க் கடையில் வாங்கும் நல்ல கம்பெனி பிளேயராக இருந்தாலும், இந்தக் குறி இல்லாத சாதாரண உறை வெறும் பிடிமானத்துக்குத்தான். அதை நம்பி உயிருள்ள லைனில் கை வைக்கக் கூடாது, மெயினை இறக்கிவிட்டுத்தான் வேலை.

அதே பிளேயரின் வெட்டும் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தோம். இடைவெளி பளிச்சென்று தெரிகிறது. 16 கேஜ் ஜிஐ கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) நாலு வெட்டியதும் வாயில் பள்ளம் விழுந்தது. அரம் வைத்துப் பார்ப்பதுதான் எளிய சோதனை. ஆனால் எங்கே வைப்பது என்று தெரிந்து வைக்க வேண்டும். பிளேயரின் வெட்டும் வாயில் அரம் பிடிக்காமல் வழுக்க வேண்டும். ஸ்பேனரில் அப்படி இல்லை, அரம் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும். ஸ்பேனரை அவ்வளவு கடினமாக்கினால் வளைவதற்குப் பதில் ஒடிந்து தெறிக்கும். அதனால் ஸ்பேனரில் அரம் ஓடுகிறது என்று நல்ல சாமானைத் தள்ளிவிடாதீர்கள். சாதாரண இரும்புப் பட்டையில் ஓடுவது போலவே தாராளமாக ஓடினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஸ்பேனருக்கு அரத்தைவிட, நுட்பமாக அளக்கும் வெர்னியர் நல்ல சாட்சி. 19 நம்பர் வாயில் 19 மில்லிக்கு மேல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மில்லி வரை தளர்வு இருக்கலாம். இந்தப் பெட்டி ஸ்பேனர்கள் 19.6, 19.7 என்று நிற்கின்றன. அந்தத் தளர்வில் நட்டின் முழுப் பக்கத்துக்கும் பதில் முனைகள் மட்டும் அழுத்தம் வாங்குகின்றன. இரண்டு இழுப்பில் முனை மழுங்கி நட்டு உருண்டையாகிவிடும். பிறகு உளி வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டும். மோட்டார் அடித்தளத்தில் இருக்கும் எம்12 (12 மில்லி தடிமன்) போல்ட், 8.8 என்ற வலுத்தர கிரேடு என்றால், சுமார் 80 நியூட்டன் மீட்டர் முறுக்கு கேட்கும். இருபது சென்டிமீட்டர் நீளப் பிடியில் நாற்பது கிலோ இழுப்பு, அவ்வளவுதான். அந்த இழுப்பில் ஒரு ஸ்பேனர் வாய் விரிந்தது, இன்னொன்று கழுத்தில் ஒடிந்தது. ஒடிந்த இடம் கருப்பட்டியை உடைத்தது போலப் பெரிய பெரிய மணியாக, நடுவில் ஊசித்துளைகளோடு இருந்தது. அடித்து உருவாக்கிய இரும்பில் அப்படி வராது. நெருக்கமான சாம்பல் நிற மணிதான் தெரியும். இது வார்த்து எடுத்தது. மேலே ‘டிராப் ஃபோர்ஜ்டு, குரோம் வனேடியம்’ (அச்சில் அடித்து உருவாக்கியது, உறுதியான கலவை இரும்பு) என்று லேசரில் எழுதியிருக்கிறது. குரோம் வனேடியம் கலந்திருக்கிறதா என்று கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் அந்தப் பெயரை எதன் மேலும் எழுதிவிடுகிறார்கள்.

சாக்கெட்டை மாட்டிக் கழற்றாமலே திருப்பும் பிடியான ராட்செட்டுக்கு ஒரு காந்தம் போதும். உடம்பு காந்தத்தில் ஒட்டவில்லை, கிரைண்டரில் வைத்தால் ஒரு பொறிகூட வரவில்லை. துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி மேலே பாலிஷ் போட்டிருக்கிறார்கள். ‘72 பல்’ என்று எழுதியிருந்ததால் ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றி கிளிக் எண்ணினோம், 24 தான் வந்தது. இடமில்லாத மூலையில் இந்த வித்தியாசம் உறைக்கும். 72 பல்லில் 5 டிகிரி அசைந்தால் அடுத்த பிடி கிடைக்கும், 24 பல்லில் 15 டிகிரி அசைய வேண்டும்.

சுத்தியலைப் பற்றி ஒரே வரி: தலை வார்ப்பு, அடித்தால் ஓரம் சில்லாகத் தெறிக்கிறது, கண்ணை வைத்துப் பரிசோதிக்காதீர்கள்.

பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். முத்திரையைச் சும்மா பார்க்கக் கூடாது, அதன் மேலும் கீழும் படிக்க வேண்டும். மேலே ஐஎஸ் எண் இருக்க வேண்டும். கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்க வேண்டும். ஐஎஸ் எண் சாமானுக்குச் சாமான் வேறு. கட்டிங் பிளேயருக்கு 3650, திறந்த வாய் ஸ்பேனருக்கு 2028, ரிங் ஸ்பேனருக்கு 2029, திருப்புளிக்கு 844, சுத்தியலுக்கு 841. எங்களிடம் வந்த பெட்டிகளில் ஒன்றில் எண்ணே இல்லை. இன்னொன்றில் மொத்தப் பெட்டிக்கும் சேர்த்து 841 என்று மட்டும் இருந்தது. சுத்தியல் எண்ணைப் போட்டு ஸ்பேனர் விற்கிறார்கள். செல்லில், இந்த முத்திரைக்கு லைசென்ஸ் கொடுக்கும் பிஐஎஸ் அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ ஆப் இறக்கி அந்த சிஎம்/எல் எண்ணை அடித்தால், யாருக்கு, எந்தச் சாமானுக்குக் கொடுத்த லைசென்ஸ், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பது வந்துவிடும். வேன்காரர் முன்னால் நின்றே செய்யலாம்.

லேபிளில் ‘ஜெர்மனி டெக்னாலஜி’ என்று இருந்தால் ஜெர்மனியில் செய்தது என்று அர்த்தம் இல்லை. ‘மார்க்கெட்டட் பை’ என்றால் செய்தவர் இல்லை, விற்பவர். ‘பேக்டு இன் இந்தியா’ என்றால் இங்கே பெட்டியில் போட்டார்கள், அவ்வளவே. இறக்குமதிச் சரக்கு என்றால் 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி எந்த நாட்டில் செய்தது, இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், மாதம், வருஷம், எம்ஆர்பி எல்லாம் மேலே இருக்க வேண்டும். கஸ்டம்ஸ் ஏலத்தில் எடுத்தவர் கையில் அதற்கான காகிதம் இருக்கும், காட்டச் சொல்லுங்கள்.

இறக்குமதி என்றாலே மட்டம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஜெர்மன், ஜப்பான், தைவான் டூல்கள் எங்களில் பலரிடம் இருக்கின்றன, பரம்பரையாக உழைக்கின்றன. சீனாவிலும் நல்ல ஃபோர்ஜிங் உண்டு, வாங்குகிறவன் கேட்கும் விலைக்கு ஏற்ற தரத்தைச் செய்து கொடுக்கிறார்கள். எங்கள் சண்டை, எங்கே செய்தது என்பதை மறைத்து விற்பதோடுதான். ஏனென்றால் அந்தப் பொய்க்கு விலை கொடுப்பது வாங்குகிறவர் மட்டும் இல்லை.

ஒரு ஒழுங்கான ஸ்பேனர் உருவாகும் வழியைப் பாருங்கள். கம்பியை அளவுக்கு வெட்டி, 1,100 முதல் 1,200 டிகிரிக்குக் காய்ச்சி, அச்சில் வைத்து டிராப் ஹேமரில் அடித்து, பிதுங்கிய ஓரத்தை வெட்டி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமாகச் சூடாக்கி ஒடியாதபடி பதம் எடுத்து, தேய்த்து, நிக்கலும் குரோமும் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு கைதேர்ந்த ஆள் நிற்கிறார். ஜலந்தர், லூதியானா, ராஜஸ்தானின் நாகௌர் போன்ற ஊர்கள் இதில்தான் சாப்பிடுகின்றன. ஸ்வீடன் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு 1969இல் நாசிக்கில் தொடங்கிய தபாரியா டூல் கம்பெனியைத் தெரியாத மெக்கானிக் கிடையாது. போலிப் பெட்டிக்காரன் இந்தப் படிகளில் பாதியைத் தாண்டிவிடுகிறான், அதனால் அவன் விலை பாதி. கடைக்காரர் அந்த விலையைக் காட்டி கம்பெனியிடம் குறைக்கச் சொல்வார். முதலில் வெட்டு விழுவது பதம் போடும் ஆளுக்கும் சோதிக்கும் ஆளுக்கும்தான்.

அமெரிக்காவில் இது பெரிய அளவில் நடந்தது. சியர்ஸ் கடைகளின் கிராஃப்ட்ஸ்மேன் டூல் ஒடிந்தால் கேள்வி கேட்காமல் புதிது தருவார்கள் என்று தலைமுறைகளாகப் பெயர். பிறகு அந்தத் தயாரிப்பு பெரும்பாலும் ஆசியாவுக்குப் போனது. 2017இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் அந்தப் பெயரை வாங்கி, 2019இல் டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த்தில் நவீன எந்திரங்களோடு ஆலை கட்டுவதாக அறிவித்தது. 2023இல் அதை மூடுவதாகவும் அறிவித்தது. பெயரைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். தலைமுறையாகச் சேர்ந்த கைவேலையை ஒருமுறை கலைத்துவிட்டால் எந்திரம் போட்டு ஒரே நாளில் மீட்க முடியாது என்பது எங்கள் எண்ணம்.

நம் பக்கத்துக் கொல்லப்பட்டறைகளுக்கும் இதே நிலைமைதான். சித்தூர் வட்டத்தில் கள் இறக்குகிறவர்களுக்குப் பாளை சீவும் கத்தி, பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் உரிக்கும் பாரை, அரிவாள், கொடுவாள் எல்லாம் கொல்லர் அடித்துக் கொடுத்தவை. லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் காய்ச்சி அடித்து, துவைச்சல் போட்டு (சூட்டோடு தோய்த்துக் கடினமாக்கி), ஓரத்தைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி சூடு ஏறும்போது நிறத்தைப் பார்ப்பார். சீவும் கத்திக்கு வைக்கோல் மஞ்சளில் நிறுத்துவார். ஓங்கி வெட்டும் அரிவாளுக்குப் பழுப்பு தாண்டி ஊதா தட்டும்வரை விடுவார். கொஞ்சம் முந்தினால் ஓரம் சில்லு தெறிக்கும், பிந்தினால் மடங்கும். இப்போது வேனில் வரும் கத்தி தகட்டை அழுத்தி வெட்டிக் கறுப்புப் பெயிண்ட் அடித்தது, பதமே இல்லாதது. பாளையில் சீவல் மெல்லிசாக விழாது, ஓரம் மடங்கிக்கொண்டே இருக்கும். விலை குறைவு என்று எல்லோரும் அதை வாங்கினால் பட்டறைக்காரர் உலையை அணைத்துவிட்டுத் திருப்பூருக்கோ கஞ்சிக்கோட்டுக்கோ கூலிக்குப் போவார். அப்புறம் கடப்பாரை முனையைக் காய்ச்சி அடித்துத் தரக்கூட ஆள் கிடைக்காது. விவசாயக் கைக்கருவிகளான மண்வெட்டி, அரிவாள், கோடாலிக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஸ்பேனர் பிளேயருக்கு 18 சதவீதம். மண்வெட்டிக்கு 18 போட்டு வாங்கினால் கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். லேபிள், முத்திரை, ஒடிந்த இடம் மூன்றையும் தனித்தனியாகப் போட்டோ எடுங்கள். பில் இருந்தால் ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். 15 இலக்கம் இருக்க வேண்டும், கேரளப் பதிவு என்றால் 32, தமிழ்நாடு என்றால் 33, ஆந்திரா என்றால் 37 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அடித்தால் யார் பெயர் என்று தெரியும். ‘எஸ்டிமேட்’ என்று துண்டுச்சீட்டு கொடுத்திருந்தால் அது பில் இல்லை. பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அதே சட்டப்படி முறையற்ற வணிகம்.

எல்லை தாண்டி வாங்கியதால் அங்கே போய் அலைய வேண்டுமோ என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கேரளத்தில் வாங்கிய பொள்ளாச்சிக்காரர் கோவையில் போடலாம், தமிழ்நாட்டில் வாங்கிய கொழிஞ்சாம்பாறைக்காரர் பாலக்காட்டில் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகார் பதிவு செய்யுங்கள். போலி ஐஎஸ்ஐ முத்திரைக்கு பிஐஎஸ் கேர் ஆப்பிலேயே போட்டோவோடு புகார் போடலாம். லேபிளில் நாடு, இறக்குமதியாளர் விவரம் இல்லாததற்கு எடையளவுத் துறையிடம் கொடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் எதிராளி யார் என்று தெரிய வேண்டும். வேனை இனி எங்கே பார்த்தாலும் முதலில் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுங்கள், பெட்டியை அப்புறம் பார்க்கலாம்.