விடுப்பு விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்படுகிறது? டர்பனிலிருந்து ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனத்தில் பணியாளர் பிரிவைக் கவனித்துவருகிறேன். விடுப்பு விண்ணப்பம், மேலாளர் ஒப்புதல், சம்பளப் பட்டியல் ஆகிய மூன்றையும் பல ஆண்டுகளாக ஒரே எச்.ஆர். மென்பொருளில்தான் நடத்துகிறோம். ஒட்டுமொத்தமாக அது நம்பகமான மென்பொருள்தான். ஆனால் விடுப்பு விண்ணப்பம் மறுக்கப்படும்போது ஊழியரின் திரையில் தோன்றும் செய்தி பெரும்பாலும் ஒன்றுதான்: போதிய விடுப்பு இருப்பு இல்லை. நான் பார்த்தவரையில், உண்மையான காரணம் இருப்பில் இருந்தது மிகக் குறைவு. விடுமுறை நாள்காட்டி, விடுப்புச் சுழற்சி (உரிய விடுப்பைக் கணக்கிடும் கால அளவு), கணக்கிடும் தேதி ஆகியவற்றுள் ஏதோ ஒன்றில்தான் அது ஒளிந்திருக்கும்.

2025 ஏப்ரல் மாதத்தை எடுத்துக்கொள்ளலாம். புனித வெள்ளி 18ஆம் தேதி, குடும்ப நாள் 21ஆம் தேதி. சுதந்திர நாளான 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. 1994ஆம் ஆண்டின் பொது விடுமுறைகள் சட்டப்படி, பொது விடுமுறை ஞாயிறன்று வந்தால் அடுத்த திங்கட்கிழமையும் பொது விடுமுறை. ஆகவே 28ஆம் தேதியும் விடுமுறை. மே 1 தொழிலாளர் நாள். ஏப்ரல் 22 முதல் மே 2 வரை விடுப்புக் கேட்டவர்களுக்கு, ஐந்து நாள் வேலை வாரத்தில், 7 நாட்கள்தான் கழிய வேண்டும். எங்கள் மென்பொருள் 8 கழித்தது. சரியாக 7 நாள் இருப்பு வைத்திருந்தவர்களின் விண்ணப்பங்கள் எல்லாம் திரும்பி வந்தன. ஆண்டுத் தொடக்கத்தில் ஏற்றப்பட்ட நாள்காட்டியில் 27ஆம் தேதி இருந்தது, 28ஆம் தேதி இல்லை; கோளாறு அவ்வளவுதான்.

இதைவிடச் சிக்கலானவை இடையில் அறிவிக்கப்படும் விடுமுறைகள். ரக்பி உலகக் கோப்பை வெற்றிக்காக 2023 டிசம்பர் 15ஆம் தேதியும், பொதுத் தேர்தலுக்காக 2024 மே 29ஆம் தேதியும் இந்த நாட்டில் பொது விடுமுறை ஆக்கப்பட்டன. நாள்காட்டியில் புதிய தேதியைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற விண்ணப்பங்கள் பழைய கணக்கிலேயே நிற்கும் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. அவற்றை மறுகணக்கீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்த வசதி இல்லாத மென்பொருளில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று மீண்டும் சமர்ப்பிக்கச் செய்வதே வழி. இதைச் செய்யாமல் விட்டால் ஊழியருக்குச் சட்டப்படி உரிய ஒரு நாள் சத்தமில்லாமல் பறிபோகிறது. அப்படிப் போனதை அவர் அறியவும் மாட்டார் என்பதுதான் எனக்குப் பெரும் வருத்தம்.

நோய் விடுப்பில் வரும் பிழை இன்னும் கடுமையானது. 1997ஆம் ஆண்டின் அடிப்படைப் பணி நிபந்தனைகள் சட்டம் நோய் விடுப்பை 36 மாதச் சுழற்சியாக வகுத்திருக்கிறது. ஓர் ஊழியர் ஆறு வாரங்களில் வழக்கமாக எத்தனை நாள் வேலை செய்வாரோ அத்தனை நாள் அவருக்கு உண்டு; ஐந்து நாள் வாரத்தில் அது 30 நாள். முதல் ஆறு மாதங்களுக்கு மட்டும் 26 வேலைநாளுக்கு ஒரு நாள் என்ற வரம்பு இருக்கிறது. மென்பொருளில் இருந்த ஆயத்த அமைப்போ 12 மாதச் சுழற்சியாக இருந்தது. முப்பதை மூன்றாகப் பிரித்து ஆண்டுக்குப் பத்து என்று அது கணக்கிட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் மூன்று வாரம் ஓய்விலிருந்த ஓர் இயந்திர இயக்குநர் சம்பளச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "பதினைஞ்சு நாளுக்கும் டாக்டர் சீட்டு குடுத்திருக்கேனே அக்கா, அஞ்சு நாள் சம்பளம் ஏன் போச்சு?" என்று கேட்டார். பத்து நாள் நோய் விடுப்பாகவும் மீதி ஐந்து நாள் ஊதியமில்லா விடுப்பாகவும் பதிவாகியிருந்தன. சுழற்சியை 36 மாதமாக மாற்றி, அதன் தொடக்கத்தை ஒவ்வொருவரும் பணியில் சேர்ந்த தேதியோடு இணைத்த பிறகே இந்த வகைப் புகார் நின்றது. அவருக்கு உரிய தொகை அடுத்த சம்பளத்தில் சேர்க்கப்பட்டது.

மருத்துவச் சான்றிதழ் விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல், அல்லது எட்டு வாரத்துக்குள் இரண்டு முறைக்கு மேல் வராமலிருந்தால்தான் சட்டப்படி முதலாளி சான்றிதழ் கேட்கலாம். இணைப்பு கட்டாயம் என்று மென்பொருளில் வைத்துவிட்டால், ஒரே ஒரு நாள் காய்ச்சலில் கிடந்தவரால் விண்ணப்பத்தை அனுப்பவே முடியாது.

வருங்கால விடுப்புக்கு வரும் மறுப்பு தனி வகை. சட்டம் தரும் ஆண்டு விடுப்பான 21 தொடர் நாட்கள், ஐந்து நாள் வாரத்தில் 15 வேலைநாள். மாதத்துக்கு 1,25 நாள் சேரும். ஜனவரியில் சேர்ந்தவர் ஏப்ரல் தொடக்கத்தில் ஜூன் மாதத்துக்கு 5 நாள் கேட்டால், அன்றைய இருப்பு 3,75 என்று பார்த்து மென்பொருள் மறுத்துவிடும். மே முடிவில் 6,25 சேர்ந்திருக்கும். விடுப்பு தொடங்கும் தேதியில் உள்ள இருப்பைப் பார்க்கும்படி ஓர் அமைப்பை மாற்றினால் போதும்.

மேலே தசமத்துக்குக் காற்புள்ளி இட்டிருப்பது தென்னாப்பிரிக்க வழக்கம். இங்குள்ள கணினிகளின் வட்டார அமைப்பும் அதையே பின்பற்றுவதால், தைப்பூசக் காவடிக்காக அரை நாள் கேட்டு 0.5 என்று புள்ளியிட்டவர்களின் விண்ணப்பங்கள் தவறான எண் என்று திரும்பின. இப்போது தட்டச்சு செய்வதற்குப் பதிலாக முழு நாள், அரை நாள் என்று தேர்வு செய்யும்படி வைத்திருக்கிறோம்.

திங்கட்கிழமைக்குக் கேட்ட விடுப்பு ஞாயிறு என்று பதிவானால் நேர மண்டலத்தைச் சந்தேகிக்கலாம். நம் நள்ளிரவு உலகப் பொது நேரத்தில் முந்தைய நாள் இரவு 10 மணி. தேதியோடு நேரத்தையும் சேர்த்து உலகப் பொது நேரத்தில் சேமிக்கும் மென்பொருளில் இது நேரும். ஒப்புதல் நகராமல் கிடந்தால், வேலையை விட்டுச் சென்ற மேலாளர் பெயரில் அது நிற்கிறதா என்று பாருங்கள்.

தீர்வு தேடும்போது எனக்கு மிகவும் உதவியது தணிக்கைப் பதிவு. எந்த விதி, எந்தத் தேதியின் இருப்பைப் பார்த்து மறுத்தது என்பது அதில் வரிக்கு வரி இருக்கிறது. ஆனால் அதைத் திறக்கும் உரிமை நிர்வாகிக்கு மட்டுமே உண்டு. அதே விவரத்தை ஊழியரின் திரையிலும் காட்டும்படி விற்பனையாளரிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். அது வரும்வரை, ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் சோதனைக் கணக்கு ஒன்றில் அடுத்த ஆண்டின் ஒவ்வொரு பொது விடுமுறையையும் உள்ளடக்கி விண்ணப்பங்கள் போட்டு, கழியும் நாட்களைக் கையால் எண்ணிச் சரிபார்த்த பின்பே நாள்காட்டியைத் திறந்துவிடுகிறோம்.