எக்ஸ்ப்ளிஃபெப்: சென்னையில் பிறந்த ஆன்டிபயாடிக் எதுவரை கைகொடுக்கும்?

சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை அறிக்கையில் 'ஈ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்' என்று வந்து, காய்ச்சலும் கடுமையாக இருந்தால், மருத்துவர்கள் பெரும்பாலும் மெரோபெனம் போன்ற, கார்பபெனம் எனப்படும் வலிமையான ஆன்டிபயாடிக் வகை ஊசியையே நாடுகிறார்கள். பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் பலவற்றைச் சிதைக்கும் நொதிகளுக்குத்தான் ஈ.எஸ்.பி.எல். என்று பெயர். கார்பபெனத்தையும் வெல்லும் கிருமிகள் பெருகிவிட்ட இன்றைய நிலையில், அதைத் தொடாமலே நோயாளியைக் குணப்படுத்த முடியுமா என்ற கேள்வியோடுதான் எக்ஸ்ப்ளிஃபெப்பை மதிப்பிட வேண்டும்.

இதிலுள்ள செஃபெபிம், செஃபலோஸ்போரின் வகையைச் சேர்ந்த பழைய மருந்து. புதியது, அதை நொதியிடமிருந்து காக்கும் என்மெட்டாசோபாக்டம். சென்னை ஆர்க்கிட் நிறுவனத்தின் கண்டுபிடிப்பு. நொதியைத் தடுக்கும் பழைய மருந்தான டாசோபாக்டத்தின் மூலக்கூறில் மீதைல் என்ற சிறிய அணுத் தொகுதி ஒன்றைச் சேர்த்ததால், அது கிருமியின் வெளிச்சவ்வை எளிதாகக் கடக்கிறது. எவ்வளவு சிறிய மாற்றம்! உரிமம் பெற்ற அலெக்ரா நிறுவனம் இதை வளர்த்தெடுக்க, 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., சிக்கலான சிறுநீர்த்தொற்றுக்கு ஒப்புதல் அளித்தது.

மூன்றாம் கட்ட ஆய்வில், அறிகுறிகள் நீங்கிக் கிருமியும் ஒழிந்தவர்கள் எக்ஸ்ப்ளிஃபெப் பெற்றவர்களில் 79.1 சதவீதம், ஒப்பீட்டுக்காகப் பிபராசிலின்-டாசோபாக்டம் என்ற பழைய கூட்டு மருந்து பெற்றவர்களில் 58.9 சதவீதம். ஈ.எஸ்.பி.எல். கிருமி இருந்தவர்களை மட்டும் பார்த்தால் இது 73.7-க்கு 51.5. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் என் மனக்குறையும் இங்கேதான்: இத்தகைய கிருமிக்கு நடைமுறையில் தரப்படும் மெரோபெனத்தோடு இந்த ஆய்வு ஒப்பிடவில்லை. ஆகவே கார்பபெனத்துக்கு இது ஈடாகும் என்பது நியாயமான எதிர்பார்ப்பே தவிர, இந்த ஆய்வால் நிறுவப்பட்ட முடிவு அன்று.

இந்திய மருத்துவமனைகளைப் பெரிதும் அலைக்கழிக்கும், கார்பபெனத்தையும் சிதைக்கும் என்.டி.எம். நொதியை இது தடுக்காது என்பதால், ஆய்வக அறிக்கை இல்லாமல் 'புது மருந்து' என்ற நம்பிக்கையில் இதை ஏற்றுவது வீண்.

பயன்படுத்துவதிலும் சில சிரமங்கள் உண்டு. குப்பிகளைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம் டிரிப்பாக ஏற்ற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவைக் குறைக்காவிட்டால், செஃபெபிம் உடலில் தேங்கிக் குழப்பத்தையும் வலிப்பையும் உண்டாக்கக்கூடும். வயதானவர் திடீரென்று பிதற்றத் தொடங்கினால், காய்ச்சல் வேகம் என்று விட்டுவிடாமல் முதலில் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்தில் பார்க்க வேண்டும்.